தைராய்டு குறைந்தால் டி.எஸ்.எச் ஏன் ஏறுகிறது? மூளையும் ஹார்மோன்களும் பேசிக்கொள்ளும் விதம்

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அக்கா, சென்ற வைகாசியில் ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் என் வீட்டுக்கு வந்தார். நான் பள்ளியில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், தெருவில் யாருக்கு எந்த அறிக்கை வந்தாலும் அது ஒருமுறை என் வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிட்டுத்தான் போகும். அக்கினி நட்சத்திர வெயிலிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். சில மாதங்களாக ஓயாத அசதி, மலச்சிக்கல், வறண்ட தோல், எதிலும் பிடிப்பில்லாத மனம் என்று இருந்ததால் மருத்துவரிடம் போயிருக்கிறார். அறிக்கையில் டி.எஸ்.எச் என்ற வரிக்கு எதிரே 14 என்று இருந்தது. இயல்பு அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை என்று பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். மருத்துவர் தைராய்டு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"தைராய்டு ஏறிப்போச்சுன்னு போட்டிருக்கு டீச்சர். அதுக்கு மேல தைராய்டு மாத்திரையே குடுத்தா இன்னும் ஏறிடாதா? அதான் ரெண்டு நாள் போட்டுட்டு நிறுத்திட்டேன்" என்றார்.

அவர் கேட்டது அறிவுள்ள கேள்விதான். ஏறியிருப்பதைக் குறைக்க ஏன் அதையே கொடுக்க வேண்டும்? ஆனால் ஏறியிருந்தது தைராய்டு ஹார்மோன் இல்லை. தைராய்டு சுரப்பியை நோக்கி "இன்னும் சுரந்து கொடு" என்று மூளையின் அடிப்பக்கத்திலிருந்து எழும் குரல்தான் அந்த 14. சுரப்பி சோர்ந்து போனதால் குரல் உயர்ந்திருக்கிறது.

இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் உரியதன்று. "ஹார்மோன் கோளாறு", "கார்டிசால் ஏறிவிட்டது", "டோபமைனைக் குறைக்க வேண்டும்" என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரே ஒரு கற்பனைதான் இருக்கிறது: ஹார்மோன் என்பது குழம்பில் உப்பு மாதிரி, கூடினால் கரிக்கும், குறைந்தால் சப்பென்றிருக்கும், அளவைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. உண்மையில் ஹார்மோன் ஒரு செய்தி. அதை யார் அனுப்பினார், யார் கேட்டார், எந்த நேரத்தில் அனுப்பினார், அதற்கு என்ன பதில் திரும்பியது என்பதெல்லாம் தெரியாமல், அளவை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. இதைத் தொடக்கத்திலிருந்து விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

துறைமுகத்துக் கூண்டு

வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி துறைமுகத்திலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். எண் 1 முதல் 11 வரை உண்டு. பகலில் கூம்பும் உருளையுமான உருவங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கூண்டு ஏறியதும் விசைப்படகு வைத்திருப்பவர் அதைப் பாதுகாப்பான இடத்தில் கட்டுகிறார். ஃபைபர் படகு வைத்திருப்பவர் அதை மேட்டுக்கு இழுக்கிறார். மீன் ஏலம் எடுப்பவர் ஐஸ் வாங்குவதை நிறுத்துகிறார். கூண்டு எந்தப் படகையும் இழுப்பதில்லை, எந்தக் கயிற்றையும் கட்டுவதில்லை. அதைப் பார்த்துப் பொருள் புரிந்தவர்கள் அவரவர் வேலையைச் செய்கிறார்கள். அதைப் பார்க்காத ஒருவருக்குக் கூண்டு ஏறியும் ஏறாததும் ஒன்றுதான்.

ஹார்மோனும் அப்படியே. உடலின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, தொலைவில் உள்ள வேறோரிடத்தின் செயலை மாற்றுகிற வேதிச் செய்திக்கு ஹார்மோன் என்று பெயர். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வாய்வரை ஒரு குழாய் உண்டு. ஹார்மோன் சுரக்கும் உறுப்புகளுக்கு அப்படிக் குழாய் இல்லாததால் அவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். ரத்தம் எல்லா இடத்துக்கும் போவதால் ஹார்மோனும் எல்லா இடத்துக்கும் போகிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த செல்கள் மட்டுமே அதற்கு இணங்குகின்றன. செல்லில் அந்தச் செய்தியைப் பிடித்துப் படிக்கும் புரத அமைப்பு ஏற்பி எனப்படும்.

ஒரே ஹார்மோன் ஓரிடத்தில் ஒரு வேலையையும் வேறிடத்தில் அதற்கு நேர்மாறான வேலையையும் செய்வது ஏற்பிகளால்தான். அட்ரினலின் ரத்தத்தில் பாய்ந்தால் இதயம் வேகமாகத் துடிக்கிறது, குடலின் அசைவோ மந்தமாகிறது. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, மூச்சுக் குழாய்கள் விரிகின்றன. செய்தி ஒன்றுதான், படித்தவர்கள் வேறு.

செய்தி ரத்தத்தின் வழியே போக முடியும் என்பதே ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. உடலில் எல்லாவற்றையும் நரம்புகளே நடத்துகின்றன என்று எண்ணியிருந்தார்கள். 1902இல் லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அந்தத் துண்டுக்குள் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். நரம்புத் தொடர்பே இல்லாதபோதும் கணையம் செரிமான நீரைச் சுரந்தது. குடலிலிருந்து ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஏறிக் கணையத்துக்குச் செய்தி சொல்லியிருக்கிறது. அதற்கு சீக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். தூண்டுதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் 1905இல் பயன்படுத்தினார்.

ஏற்பியைப் பற்றித் தெரிந்தால், நம் வீடுகளில் மிகப் பரவலாக இருக்கும் சர்க்கரை நோயும் கொஞ்சம் விளங்கும். இன்சுலின் என்பது கணையம் சுரக்கும் ஹார்மோன்; ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசையும் கொழுப்பும் எடுத்துக்கொள்ளச் சொல்லும் செய்தி. நடுவயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் தொடக்கத்தில், பலருக்கு ரத்தத்தில் இன்சுலின் குறைவாக இருப்பதில்லை. இயல்பைவிட அதிகமாகவே இருக்கும். அதைக் கேட்க வேண்டிய செல்கள் மந்தமாகிவிட்டதால், அதே வேலைக்குக் கணையம் மேலும் மேலும் சுரக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் அப்படி உழைத்துக் கணையம் களைத்த பிறகுதான் இன்சுலினே குறைகிறது. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ரத்தச் சர்க்கரையைக் கணையம் தானே அளந்து தானே சுரக்கிறது, மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. எல்லா ஹார்மோனுக்கும் மூளையே முதலாளி என்று நினைக்க வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தது: ஹார்மோன் ரத்தத்தில் போகும் செய்தி. அதைக் கேட்பது ஏற்பி. என்ன வேலை நடக்கும் என்பதைக் கேட்கும் செல்லே முடிவு செய்கிறது.

தாகத்தை உண்டாக்கும் இடம்

மூளையின் அடியில், நடுக்கோட்டில், ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. ஏறத்தாழ 1,300 கிராம் எடையுள்ள மூளையில் இதன் எடை 4 கிராம் அளவுதான். அதிலிருந்து ஒரு சிறு காம்பில் தொங்குவது பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி. மூக்குத் தண்டுக்கு நேர் பின்னால், எலும்பில் அமைந்த ஒரு குழிக்குள் அது பத்திரமாக இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் பிட்யூட்டரியைத் தலைமைச் சுரப்பி என்று எழுதுவார்கள்; நானும் அப்படித்தான் கற்பித்தேன். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. பிட்யூட்டரிக்கு மேலே உட்கார்ந்து அதை நடத்துவது ஹைப்போதலாமஸ்.

இந்த 4 கிராம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நரம்பின் மொழியும் ரத்தத்தின் மொழியும் இரண்டுமே அதற்குத் தெரியும். கண்ணில் விழும் ஒளி, தோலில் படும் குளிர், வயிறு நிறைந்த செய்தி எல்லாம் நரம்பு வழியே அதனிடம் வருகின்றன. அதே சமயம், தன்னைச் சுற்றி ஓடும் ரத்தத்தில் உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, எந்த ஹார்மோன் எவ்வளவு என்றும் அது பார்த்துக்கொண்டே இருக்கிறது.

தேவனாம்பட்டினத்திலிருந்து விடியற்காலையில் கடலுக்குப் போன ஒருவர், உச்சி வெயில்வரை வலை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வியர்வையில் உப்பைவிடத் தண்ணீரே அதிகமாக வெளியேறுவதால் ரத்தத்தின் அடர்த்தி மெல்ல ஏறுகிறது. வெறும் 1 அல்லது 2 விழுக்காடு ஏறினாலே ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்துவிடும். உடனே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, ஏ.டி.எச் என்ற ஹார்மோன் பிட்யூட்டரியின் பின்பகுதி வழியாக ரத்தத்தில் விடப்படுகிறது. அது சிறுநீரகத்துக்குப் போய், சிறுநீரில் போகவிருந்த தண்ணீரைத் திரும்ப ரத்தத்துக்கே இழுத்துக்கொள்ளச் செய்கிறது. அதனால்தான் வெயிலில் உழைத்தவருக்குச் சிறுநீர் குறைந்து, அடர் மஞ்சளாகப் போகிறது. மற்றொன்று, அவருக்குத் தாகம் எடுக்கிறது. வலையை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தேடுகிறார்.

முதலாவது உடலுக்குள் நடக்கும் சிக்கனம். இரண்டாவது வெளியே தெரியும் நடத்தை. நாம் "உடல்" என்றும் "மனம்" என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் இவை, அருகருகே உள்ள நரம்பணுக்களிலிருந்து ஒரே காரணத்துக்காகப் புறப்படுகின்றன. ஹார்மோன்களைப் பற்றிப் படித்ததில் என்னை இன்றுவரை வியக்க வைப்பது இதுதான். (மது இந்த ஏ.டி.எச் வெளிவருவதைத் தடுக்கிறது. அதனால்தான் குடித்தவருக்குச் சிறுநீர் அடிக்கடி போய், மறுநாள் நாக்கு வறள்கிறது. வெயிலுக்குக் குளிர்ந்த பீர் நல்லது என்ற நம்பிக்கை உடலின் கணக்குக்கு நேர் எதிரானது.)

பிட்யூட்டரியின் பின்பகுதி, ஹைப்போதலாமஸின் நரம்பணுக்கள் செய்து அனுப்பும் சரக்கை வைத்திருந்து வெளியிடும் இடம். முன்பகுதி வேறு விதமானது. அது தானே ஹார்மோன்களைச் செய்கிறது. அதற்கான உத்தரவு, ஹைப்போதலாமஸிலிருந்து மெல்லிய ரத்தக் குழாய்கள் வழியே மிகச் சிறிய அளவில் இறங்குகிறது. அந்த அளவு எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு சான்று: ரோஜர் கியெமன், ஆண்ட்ரூ ஷாலி என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனிக் குழுவாக, ஒருவர் ஆட்டு மூளைகளிலும் மற்றவர் பன்றி மூளைகளிலும், லட்சக்கணக்கில் ஹைப்போதலாமஸ்களைச் சேகரித்து அரைத்து வடித்த பிறகுதான், 1969இல் அத்தகைய முதல் உத்தரவு ஹார்மோனின் வேதியமைப்பு தெரிந்தது. அதன் பெயர் டி.ஆர்.எச். 1977இல் அவ்விருவருக்கும், ரத்தத்தில் உள்ள நுண்ணிய ஹார்மோன் அளவுகளை அளக்கும் முறையை உருவாக்கிய ரோசலின் யாலோவுக்கும் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்று நம் ஊர் ஆய்வுக்கூடத்தில் ஒரு குழாய் ரத்தத்திலிருந்து டி.எஸ்.எச் எண் கிடைப்பது யாலோ தொடங்கிவைத்த வழியின் தொடர்ச்சி.

வீராணத்து மதகும் அக்காவின் 14-உம்

நம் மாவட்டத்து வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. ஏரி நிரம்பி வருகிறது என்றால் வரத்தைக் குறைப்பார்கள். மட்டம் இறங்கினால் கூட்டுவார்கள். ஏரியின் மட்டமே மேலே உள்ள மதகுக்குச் செய்தியாகிறது. முடிவு திரும்பிப் போய்த் தொடக்கத்தைக் கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னூட்டம் என்று பெயர். கூடினால் குறைப்பதும் குறைந்தால் கூட்டுவதுமாக இருப்பதால் இது எதிர்மறைப் பின்னூட்டம். எதிர்மறை என்பதால் கெட்டது என்று பொருளில்லை. உடல் நிலைத்து நிற்பதே இதனால்தான்.

இப்போது அக்காவின் அறிக்கைக்கு வரலாம். ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச்சை அனுப்புகிறது. அதைக் கேட்டுப் பிட்யூட்டரி டி.எஸ்.எச்சை ரத்தத்தில் விடுகிறது. அதைக் கேட்டு, கழுத்தில் குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, டி4 என்ற ஹார்மோனைப் பெருமளவிலும் டி3 என்பதைச் சிறிதளவிலும் சுரக்கிறது. இவையே உண்மையான தைராய்டு ஹார்மோன்கள். செல்கள் எவ்வளவு வேகத்தில் எரிபொருளைச் செலவிட வேண்டும் என்பதை இவை சொல்கின்றன. ரத்தத்தில் டி4 போதுமான அளவு இருந்தால், ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் அதைக் கண்டு குரலைத் தணிக்கின்றன. டி4 குறைந்தால் குரலை உயர்த்துகின்றன.

ஆகவே டி.எஸ்.எச் ஏறி, டி4 குறைந்திருந்தால், சுரப்பி சோர்ந்திருக்கிறது. மேலிருந்து கத்தியும் பலனில்லை. டி.எஸ்.எச் தரைமட்டமாகி, டி4 ஏறியிருந்தால், சுரப்பி தன்னிச்சையாக அதிகம் சுரக்கிறது. மேலே இருப்பவர்கள் வாய்மூடிவிட்டார்கள். இரண்டுமே குறைந்திருந்தால்? அப்போது கோளாறு கழுத்தில் இல்லாமல் பிட்யூட்டரியிலோ அதற்கும் மேலோ இருக்கலாம். அதனால்தான் ஒற்றை எண்ணை வைத்து முடிவு செய்யாமல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அக்காவுக்கு டி4 குறைந்திருந்தது. உடலின் அடுப்பு தணிந்து எரிந்ததால்தான் வெயிலிலும் அவருக்குக் குளிர்ந்தது, குடல் மந்தமானது, மனமும் மந்தமானது. அவர் வீட்டில் பல மாதம் அதைச் சோம்பல் என்றே சொல்லியிருக்கிறார்கள். சுரப்பி ஒன்று குறைவாகச் சுரந்ததால் வந்த மனச்சோர்வைக் குணக்கேடாகப் பார்ப்பது நம்மிடையே, குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், மிகவும் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது வருத்தம் தருகிறது.

டி4 செய்வதற்கு அயோடின் வேண்டும். கடலோரத்தில் இருக்கிறோம், கடல் உப்பைத்தானே சாப்பிடுகிறோம், தனியாக அயோடின் எதற்கு என்று நம் பக்கத்தில் கேட்பவர்கள் உண்டு. உப்பளத்தில் விளையும் சாதாரண உப்பில் உடலுக்குத் தேவையான அளவு அயோடின் இருப்பதில்லை; அதைச் சேர்த்தால்தான் உண்டு.

பின்னூட்டத்தைச் சொல்லும்போது காய்ச்சலையும் சொல்லிவிட வேண்டும். ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருக்கிறது; அதை இலக்கு அளவு எனலாம். கிருமி தொற்றும்போது, நோயெதிர்ப்புச் செல்கள் விடும் செய்திகளால் இந்த இலக்கே 39-க்கு உயர்த்தப்படுகிறது. உடல் 37-இல் இருக்கிறது, இலக்கோ 39. அதனால் உடல் குளிர்ந்துவிட்டதாக மூளை கணக்கிடுகிறது: தோலுக்கு ரத்தம் குறைகிறது, தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்குகின்றன, நோயாளி கம்பளி கேட்கிறார். பாராசிட்டமால் அந்த இலக்கைக் கீழே இறக்குகிறது. உடனே உடல் தேவைக்கு மேல் சூடாக இருப்பதாக அதே மூளை கணக்கிட்டு, வியர்வையை ஓட விடுகிறது; கம்பளி தள்ளப்படுகிறது.

சுருக்கமாக: உடல் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கு வைத்திருக்கிறது. விளைவைத் திரும்பக் கேட்டுக்கொண்டே சரிசெய்கிறது. ரத்தத்தில் ஓர் எண் ஏறியிருந்தால், அது உத்தரவா பதிலா என்று முதலில் கேட்க வேண்டும்.

காலை எட்டு மணியும் நள்ளிரவும்

கார்டிசாலைப் பற்றி இப்போது பரவியிருக்கும் பேச்சில் அது ஏதோ நஞ்சு போல ஒலிக்கிறது. கெடிலம் பாலத்தில் வண்டியில் போகும்போது எதிரே ஒரு பேருந்து திடீரென முந்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிகளுக்குள், நரம்பின் கட்டளையால், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் உட்பகுதி அட்ரினலினை விடுகிறது. கை தானாக வண்டியை ஒதுக்குகிறது. கார்டிசால் வருவது அதற்குப் பிறகு. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லி, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச் என்ற ஹார்மோனால் அட்ரீனலின் வெளிப்பகுதிக்குச் சொல்லி, சில நிமிடங்கள் கழித்துத்தான் கார்டிசால் ஏறத் தொடங்கும். சர்க்கரையை ரத்தத்தில் விட்டு வைப்பது, அழற்சியை அடக்குவது, ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவது அதன் வேலை. போதிய கார்டிசால் சுரக்காத அடிசன் நோயை 1855இல் தாமஸ் அடிசன் விவரித்தார். சிகிச்சையில்லாவிட்டால் அது உயிரைப் பறிக்கும்.

ஆபத்தே இல்லாத நாளிலும் கார்டிசால் ஏறி இறங்குகிறது. விடியற்காலையில் நாம் விழிப்பதற்கு முன்பே ஏறத் தொடங்கி, காலையில் உச்சத்தை அடைந்து, பகல் முழுவதும் மெல்ல இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்குப் போகிறது. கண்ணில் விழும் ஒளியைக் கொண்டு நேரம் பார்க்கும் ஒரு கடிகாரம் ஹைப்போதலாமஸில் உண்டு. அதுவே இதை நடத்துகிறது. எனவே காலை 8 மணிக்கு இயல்பான ஓர் அளவு, நள்ளிரவில் இருந்தால் நோயின் அறிகுறி. எந்த நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்று தெரியாத கார்டிசால் எண்ணுக்குப் பெரிதாகப் பொருளில்லை.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் கார்டிசாலைப் போன்றவை. முறையாகக் கொடுத்தால் அருமையான மருந்து. ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கொள்ளும்போது, ரத்தத்தில் கார்டிசால் நிறைந்திருப்பதாக மூளை எண்ணி, மேலிருந்து போகும் உத்தரவுகளை நிறுத்திவிடக்கூடும். கேட்பாரற்ற அட்ரீனல் சுருங்கிவிடுகிறது. அந்த நிலையில் ஒருவர் "பக்க விளைவு" என்று பயந்து மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால், வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளேயும் சுரக்கவில்லை. வாந்தி, தலைச்சுற்றல், ரத்த அழுத்தச் சரிவு என்று நிலைமை விரைவில் ஆபத்தாகும். அதனால்தான் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார். தூங்கிப்போன சுரப்பி எழுந்துகொள்ள அவகாசம் தருகிறார். எந்த மருந்து என்று சொல்லாமல் வலிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பவர்களிடம் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்கள், மருத்துவரிடம் போகும்போது அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அழுகை கேட்டதும் சுரக்கும் பால்

ஹார்மோன் நடத்தையை எப்படி மாற்றுகிறது, நடத்தை ஹார்மோனை எப்படி மாற்றுகிறது என்பதற்குத் தாய்ப்பாலை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. குழந்தை சப்பும்போது மார்பின் நரம்புகள் ஹைப்போதலாமஸுக்குச் செய்தி அனுப்புகின்றன. பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து ஆக்சிடோசின் வெளிவருகிறது. அது பால் பைகளைச் சுற்றியுள்ள தசையணுக்களைச் சுருக்கிப் பாலை முன்னே தள்ளுகிறது. சில நாள் பழகிய பிறகு, சப்ப வேண்டியதே இல்லை. அடுத்த அறையில் குழந்தை அழுதாலே தாயின் ரவிக்கை நனைந்துவிடும். காதில் விழுந்த ஓர் ஒலியை மூளை பொருள் கண்டு ஹார்மோனாக மாற்றிவிட்டது. அதே தாய் பயத்திலோ கடும் வலியிலோ இருந்தால் பால் இறங்கத் தடைப்படுகிறது. "பால் இல்லை" என்று மாமியாரும் அக்கம்பக்கமும் குறை சொல்லச் சொல்ல, இறங்க வேண்டிய பாலும் தயங்கி நிற்கும்.

பிரசவத்தில் இதே ஆக்சிடோசின் வேறு விதமாக நடந்துகொள்கிறது. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த, ஆக்சிடோசின் சுரக்க, கருப்பை சுருங்க, தலை மேலும் அழுத்த, மேலும் சுரக்கிறது. கூடினால் மேலும் கூட்டும் இது நேர்மறைப் பின்னூட்டம். குழந்தை பிறந்ததும் தானே அறுந்துவிடும். இவ்வளவு வேலை பார்க்கும் ஒன்றைக் "காதல் ஹார்மோன்" என்று ஒரு சொல்லில் அடக்குவது அதன் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது.

பசியிலும் கேட்பவரே முக்கியம். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டினைக் கண்டறிந்தது. கொழுப்பு செல்கள் சுரந்து, "சேமிப்பு போதும்" என்று ஹைப்போதலாமஸுக்குச் சொல்லும் ஹார்மோன் அது. உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிகச் சில குழந்தைகளுக்கு அது அற்புதமாக வேலையும் செய்தது. ஆனால் பருமனான பெரும்பாலோரின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுந்திருந்தது. மூளைதான் அதைச் சரிவரக் கேட்கவில்லை. ஹார்மோனைக் குழம்பின் உப்பாகப் பார்க்கும் கணக்கு இங்கேயும் பொய்த்தது.

டோபமைன் பற்றியும் இரண்டு சொற்கள். மூளைக்குள் அது பெரும்பாலும் ஹார்மோனாக வேலை செய்வதில்லை. ஒரு நரம்பணு விட, இடைவெளியைக் கடந்து அடுத்த நரம்பணு பிடித்துக்கொள்ளும் நரம்புக் கடத்தியாகவே வேலை செய்கிறது. ரத்தத்தில் உள்ள டோபமைன் மூளைக்குள் நுழைய முடியாது. அதை இன்பத்தின் பொருள் என்பதும் சரியன்று. 1990களில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளில் பார்த்தது இது: எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன, விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், விளக்குக்கே துடித்தன, சாறுக்குத் துடிக்கவில்லை, விளக்கு எரிந்தும் சாறு வராதபோது அடங்கிப்போயின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவை கணக்கிடுகின்றன. டோபமைனைக் குறைப்பதாகச் சொல்லிக் கைப்பேசியை ஒருநாள் மூடி வைப்பது நல்ல பழக்கமாக இருக்கலாம், ஆனால் அதனால் டோபமைன் "கழுவப்படுவது" இல்லை. அந்த நரம்பணுக்கள் ஒரு பகுதியில் பெருமளவு அழிந்தால் வருவது பார்க்கின்சன் நோய். அந்த நோயாளிகளின் கையைப் பிடித்து நடத்திச் சென்றவர்களுக்குத் தெரியும், டோபமைன் குறைவு என்றால் என்னவென்று.

ஏன் ஆறு வாரம்?

அக்கா மறுநாளே மாத்திரையைத் தொடங்கினார். வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காபிக்கு அரை மணி நேரமாவது முன்பாக. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விட்டு. ஆறு வாரம் கழித்து மீண்டும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். "அடுத்த வாரமே பார்த்தா என்ன?" என்று கேட்டார். டி4 ரத்தத்தில் நீடித்து நிற்பது. உள்ள அளவில் பாதி குறையவே ஏழு நாள் ஆகும். தினமும் போடும் மாத்திரை சேர்ந்து சேர்ந்து ஒரு நிலையான மட்டத்துக்கு வர ஐந்து வாரம்போல் எடுக்கும், அதைக் கேட்டுப் பிட்யூட்டரி தன் குரலைத் தணிக்கவும் நேரம் வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால், பாதி வழியில் உள்ள எண்தான் கிடைக்கும்.

ஆடியில் புது அறிக்கை வந்தது. டி.எஸ்.எச் 3.1.

"இறங்கிடுச்சே டீச்சர், இனிமே மாத்திரை வேணாம்தானே?"

இறங்கியது ஏன் என்று அவரையே சொல்லச் சொன்னேன். சற்று யோசித்தார். "மாத்திரை உள்ள போறதால மேலேருந்து கத்தறது நின்னுடுச்சு. நிறுத்தினா மறுபடி கத்தும்" என்றார். அவருடைய சுரப்பியை அவருடைய நோயெதிர்ப்புச் செல்களே தாக்கிச் சிதைத்திருந்தன. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோய் அது. சிதைந்த பகுதி பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை, ஆகையால் அது சுரக்க வேண்டியதை மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறது. அளவை மாற்றுவதாக இருந்தால் மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி சுவரைப் பார்த்தார். "ஃபேனைக் கொஞ்சம் போடுங்க டீச்சர், புழுங்குது."